நடு சீட்

இதுவரை நான் வகித்த ஒரே பெரிய பதவி, ஒரு மாருதி 800 காருக்குப் பொருளாளர்.

காருக்கு ஓனர் இருக்கலாம், டிரைவர் இருக்கலாம், பொருளாளர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். ஐந்து பேர் ஒரே காரில் தினமும் காலேஜ் போய் வந்தால் அது கார் இல்லை ஸார், கமிட்டி! கமிட்டி என்றால் கணக்கு வேண்டும், சண்டை வேண்டும். இரண்டுக்கும் பொறுப்பு நான்தான்.

மறந்து போயிருந்த அந்தப் பதவியை ஞாபகப்படுத்தியவன் என் அக்கா மகன். காலேஜில் இரண்டாம் வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டு நான் திண்ணையில் மயங்கிக் கிடந்த நேரம் பார்த்து, கையில் ஒரு ஃபாரத்தோடு வந்து நின்றான்.

"மாமா, நீங்க படிக்கும்போ கார் பூலிங் பண்ணினீங்களாமே?"

"என்னது, ஃபூலிங்கா?"

"பூலிங், மாமா! ஒரே கார்ல பல பேர் சேந்து போறது. சஸ்டெயினபிள் டிரான்ஸ்போர்ட்னு ஒரு புராஜெக்ட். அதுக்கு சர்வே எடுக்கேன்."

"நாங்க அதுக்கு அப்படியெல்லாம் பேர் வைக்கல்ல. 'லேய், ஏறு, நேரமாச்சு!' அம்புட்டுதான்."

ஃபாரத்தில் பத்துக் கேள்விகள். எத்தனை பேர் போனீர்கள்? எவ்வளவு தூரம்? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டே டாண் டாண் என்று பதில் சொன்னேன். பழைய பொருளாளர் அல்லவா! பத்தாவது கேள்வி வந்தது: 'ஏன் நிறுத்தினீர்கள்?'

"அத பொறவு சொல்லுதேன் மக்ளே" என்று திரும்பிப் படுத்துவிட்டேன். ஆனால் தூக்கம் போய்விட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன். அக்கா மகனிடம் சொல்வதைவிட உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் அக்காவிடம் போய் ஒப்பிக்க மாட்டீர்கள்.

எங்கள் ஊர் அருமனை. கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் உங்களுக்குக் கடலும் சூரிய உதயமும் ஞாபகம் வரும். எங்களுக்குக் கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறிப் போக வேண்டும். நாங்கள் விளவங்கோடு தாலுகா, மாவட்டத்தின் மேற்குக் கோடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம். கொஞ்சம் அதிகமாக நடந்துவிட்டால் கேரளா. 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் பகுதி திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இந்தத் தகவல் மழைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. ஜூன் பிறந்தால் கேரளாவுக்குப் பெய்கிற தென்மேற்குப் பருவமழை எங்களுக்கும் பெய்யும். ஐப்பசி பிறந்தால் தமிழ்நாட்டுக்குப் பெய்கிற வடகிழக்கும் பெய்யும். இரண்டு மாநிலத்து மழையும் எங்கள் தலையில்தான்.

இந்த மழையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இதற்கு முக்கியமான வேஷம் இருக்கிறது.

அப்போது வருஷம் 2008. தக்கலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜ். பெயர் வேண்டாம். அருமனையிலிருந்து மேல்புறம், மார்த்தாண்டம், சாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை என்று ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் இப்போது சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு மேம்பாலம் இருக்கிறது. அது வந்தது 2018-ல்தான். எங்கள் காலத்தில் மார்த்தாண்டம் ஜங்ஷனைக் கடப்பது ஒரு செமஸ்டரைக் கடப்பது மாதிரி.

பஸ் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது எங்கள் ஜங்ஷனுக்கு வருவதற்குள்ளேயே கர்ப்பிணி மாதிரி மூச்சு வாங்கும். ஸ்கூல் பிள்ளைகள், சந்தைக்கு வாழைக்குலை கொண்டு போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு நமக்கு மிஞ்சுவது ஃபுட்போர்டில் ஒரு கால் வைக்க இடம். இன்னொரு காலை நாம் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். மார்த்தாண்டத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் முதல் பீரியட் முடிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் நண்பன் ஒருவனின் சித்தப்பா வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, ஒரு செகண்ட் ஹாண்ட் மாருதி 800 வாங்கி, பத்து நாள் ஓட்டிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். "வண்டிய சும்மா போட்டா பாட்டரி எறங்கிப் போவும், யாராவது ஓட்டுங்க" என்று போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நண்பன் அதை உயில் மாதிரி எடுத்துக்கொண்டான். அவன் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "பெட்ரோலுக்கு எங்கிட்ட வரப்படாது."

இப்படித்தான் கமிட்டி உருவானது.

நிஜப் பெயர்களைப் போட்டால் நாளைக்கே நாலு பேரும் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். ஆகவே, காரில் அவரவர் உட்கார்ந்த இடமே அவரவர் பெயர். ஓட்டியவன் ஸ்டியரிங். அவன் பக்கத்தில் முன் சீட். பின்னால் இடது ஜன்னல், வலது ஜன்னல். வலது ஜன்னல் நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்து வந்தவன்தான் நடு சீட்.

அந்த இடத்தை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. முதல் நாள் யார் எங்கே என்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, "எனக்கு எங்கன்னாலும் செரி" என்று அவனாகவே நடுவில் போய் உட்கார்ந்தான். கடையாலுமூடு பக்கம் உள்ளே ஒரு ரப்பர் விளையில் வீடு. அவன் அப்பா பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டுவார். இவனும் கூடப் போய்க் கொஞ்சம் மரம் வெட்டிக் கொடுத்துவிட்டு, குளித்து, நடந்து அருமனை ஜங்ஷனுக்கு வந்து நிற்பான். எங்களில் ஒரு நாள்கூட லேட்டாக வராதவன் அவன் ஒருவன்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் கையில் லேசாக ஒட்டுப்பால் வாடை அடிக்கும். எங்கள் ஊரில் அது தெரியாத மூக்கு கிடையாது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி கணக்கு. போக வர 60 கிலோமீட்டர். வண்டி கொஞ்சம் பழசு, லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தது. ஆக ஒரு நாளைக்கு 4 லிட்டர். அன்று பெட்ரோல் லிட்டர் சுமார் 50 ரூபாய். நாலு ஐம்பது 200. ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 40 ரூபாய்.

இவ்வளவு லேசான கணக்குக்கு ஒரு பொருளாளர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், தேதி, வரவு, பாக்கி என்று நாலு கட்டம் பிரித்தேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். லீவு போட்டால் பாதிக் காசு கட்ட வேண்டும் என்றேன். காய்ச்சலில் கிடந்தவனிடம் டாக்டர் சீட்டு கேட்டேன். ரிசர்வ் வங்கி கவர்னருக்குக்கூட அவ்வளவு கறார் இருந்திருக்காது!

ஒரு தடவை அழகியமண்டபத்துக்குப் பக்கத்தில் போலீஸ் செக்கிங். ஐந்து தடிப்பயல்கள் ஒரு சின்னக் காருக்குள் அடைந்து கிடப்பதைப் பார்த்ததும் ஏட்டய்யாவுக்குச் சந்தேகம்.

"என்னடே, வெள்ளை போர்டு வண்டில டிரிப் அடிக்கிறீங்களா?"

"இல்ல ஸார், எல்லாரும் ஃபிரண்ட்ஸ்" என்றான் ஸ்டியரிங்.

"சொந்தக்காரங்க ஸார்" என்றேன் நான், அதே நொடியில்.

அவர் கண் என் மடியிலிருந்த நோட்டில் விழுந்தது. வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாங்கள் வியர்த்துக் கொட்டினோம். கடைசியில் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இதப் பாத்தா ஒருத்தன் அஞ்சு பைசா லாபம் பாத்த மாதிரி தெரியல்ல. ஆனா காய்ச்சல்காரன்ட்ட பாதிக் காசு வாங்கியிருக்கியே, யாருடே அந்தப் புண்ணியவான்?"

அன்றைக்கு எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்டது.

இந்த விஷயத்தில் சட்டம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆபீஸ் போகிறவர்களுக்கு உதவும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி வாடகைக்கு ஆள் ஏற்ற பெர்மிட் வேண்டும். வெள்ளை போர்டு சொந்தக் காரில் கட்டணம் வாங்கிச் சவாரி ஓட்டக் கூடாது. அப்படி ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கலாம். நண்பர்கள் பெட்ரோல் செலவைச் சமமாகப் பகிர்ந்துகொண்டு, ஓட்டுகிறவனும் தன் பங்கைப் போடுவது வேறு கதை. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில்தான் தகராறு. 2015-ல் பிரான்ஸ் நாட்டு பிளாபிளாகார் இந்தியாவுக்கு வந்து, முன்பின் தெரியாதவர்களையும் ஒரே காரில் ஏற்றிவிட்டது. 2023-ல் பெங்களூரில் இந்த மாதிரி ஆப்கள் வழியாக வெள்ளை போர்டு கார்களில் காசு வாங்கி ஆள் ஏற்றலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. எங்களிடம் ஆப் இல்லை. நாற்பது பக்க நோட்டும் நானும்தான்.

2008 ஜூன் வந்தது. ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போய், ஜூன் முதல் வாரத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் ஏற்றியது. 50 என்பது 55 ஆனது. நாலு ஐம்பத்தைந்து 220. தலைக்கு 44. நான் காருக்குள் ஒரு சொற்பொழிவு ஆற்றி, சிவப்பு மையில் புதிய விகிதத்தை எழுதினேன்.

இரண்டு, மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் இருந்தவர்களுக்கு மழை என்றால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிற விஷயம். பால் வெட்டுகிறவருக்கு அப்படி இல்லை. மரம் நனைந்தால் பால் சிரட்டைக்குள் விழாது, பட்டையில் பரந்து வழிந்து வீணாகும். பிளாஸ்டிக் கட்டாத மரத்தை மழையில் வெட்ட முடியாது. வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. அந்த வருஷம் ரப்பருக்கு நல்ல விலைதான். விலை முதலாளிக்கு, மழை வெட்டுகாரருக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ரப்பர் விளைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். நன்றாகத் தெரியும். ஆனால் நோட்டில் மழைக்கு என்று ஒரு கட்டம் நான் போட்டிருக்கவில்லை.

நடு சீட்டின் பாக்கி ஏற ஆரம்பித்தது. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. நான் தனியாகக் கேட்டிருக்கலாம். ஜங்ஷனில் சாயா குடிக்கும்போது தோளில் கை போட்டுக் கேட்டிருக்கலாம். பொருளாளர் அப்படியெல்லாம் செய்வாரா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை, மார்த்தாண்டத்தில் டிராபிக்கில் வண்டி அசையாமல் நிற்கிறது. பொழுது போகவில்லை. நோட்டைப் பிரித்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் பாக்கிப் பட்டியலைப் படித்தேன்.

"இடது ஜன்னல், இரண்டு நாள், 88 ரூபாய். முன் சீட், ஒரு நாள், 44 ரூபாய். நடு சீட்... 14 நாள், 616 ரூபாய்!"

வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்குத் தாறேன்" என்றான் அவன்.

"நாளைக்குன்னா எந்த நாளைக்கு? அந்தத் தேதி காலண்டர்ல உண்டா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ரொம்ப நாள் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அவனே சிரிச்சான், பொறவென்ன?'

திங்கட்கிழமை ஜங்ஷனில் அவன் இல்லை. சட்டப்படி மூன்று நிமிஷம் நின்றோம், கிளம்பினோம். காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். வியாழக்கிழமை மேல்புறம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தினோம். ஃபுட்போர்டில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. எங்கள் காரைப் பார்த்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கும் இடது ஜன்னலுக்கும் நடுவில், அவன் இடத்தில், என் டிபன் பாக்ஸ் வசதியாக உட்கார்ந்து வந்தது.

அடுத்த வாரம் ஸ்டியரிங்கின் அம்மாவிடம் ஒரு கவர் வந்து சேர்ந்தது. உள்ளே சரியாக 616 ரூபாய். எல்லாம் பத்தும் இருபதுமாகக் கசங்கிய நோட்டுகள், கடைசியில் ஆறு ஒற்றை ரூபாய்க் காசுகள். கவரைத் திறந்ததும் ஒட்டுப்பால் வாடை. நான் 'வரவு 616, பாக்கி இல்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். கணக்கு பைசா சுத்தமாக நேரானதில் அன்று ஒரு நாள் சந்தோஷமாகவே இருந்தேன்.

சந்தோஷம் அன்றோடு முடிந்தது. ஐந்து பேர் நாலு பேர் ஆனோம் அல்லவா? 220-ஐ நாலால் வகுத்தால் 55. மத்திய அரசு விலை ஏற்றியதில் எங்கள் பங்கு கூடியது 4 ரூபாய். நான் வாய் திறந்ததில் கூடியது 11 ரூபாய்!

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவன் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி குடிப்பது அதே 4 லிட்டர்தான். அவன் காசே கொடுக்காமல் வந்திருந்தாலும், மற்ற நாலு பேருக்கு 55-க்கு மேல் ஆகியிருக்காது. இப்போதும் அதே 55. வித்தியாசம் என்ன? அவன் உள்ளே இருப்பதற்குப் பதில் மழையில் தொங்குகிறான். 616 ரூபாயைக் காப்பாற்றப் போய் நான் ஒரு சீட்டைக் காலி செய்திருக்கிறேன். காலி சீட்டுக்கும் பெட்ரோல் செலவாகத்தான் செய்கிறது.

இதைப் புரிந்துகொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். போகவில்லை. கௌரவம்! பத்தொன்பது வயசில் அது நிறைய ஸ்டாக் இருக்கும்.

பிறகு நடந்தது சீட்டுக்கட்டு சரிவது மாதிரி. 55 ரூபாய் அதிகம் என்று முன் சீட் கணக்குப் போட்டான். பைக் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும். 60 கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர், அதாவது 66 ரூபாய். இரண்டு பேர் போனால் தலைக்கு 33. அவனும் இடது ஜன்னலும் ஒரே பைக்கில் கிளம்பிவிட்டார்கள். காரில் மிச்சம் இரண்டு பேர், தலைக்கு 110. ஸ்டியரிங்கின் அப்பா சாவியை வாங்கி உள்ளே வைத்தார். பைக்கில் போன இரண்டு பேரும் ஒரே மாதத்தில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பொங்கல் வருவதற்குள் நாலு பேருக்கும் நாலு பைக், எல்லாம் தவணையில்.

ஆக, முன்பு ஐந்து பேரை 4 லிட்டர் சுமந்தது. இப்போது நாலு பேரைச் சுமக்க 4.8 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகிறது. (ஒரு கிலோகூட இல்லாத பெட்ரோலிலிருந்து இரண்டு கிலோ எப்படி என்று மலைக்க வேண்டாம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கொள்கிறது.) அக்கா மகனின் ஃபாரத்துக்கு வேண்டியது இந்தக் கணக்குதான். அவனுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு பஸ் லிட்டர் டீசலுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது, ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்றால் எங்கள் 60 கிலோமீட்டருக்குத் தலைக்குக் கால் லிட்டர்கூட வராது. பஸ்ஸை அடிக்க எதுவும் கிடையாது. பஸ்ஸில் கால் வைக்க இடம் இருந்தால், நேரத்துக்கும் வந்தால், கார் கமிட்டிக்கே அவசியம் இல்லை. அது இல்லாத இடத்தில்தான் நிறைந்த கார். காரும் நிறைந்திருந்தால்தான் லாபம். மூன்று பேரோடு போகிற கார் தலைக்கு 1.33 லிட்டர் குடிக்கிறது, தனியாகப் போகிற பைக்கைவிட மோசம்.

ஆனால் இந்தக் கணக்கு எதிலும் வராத செலவு ஒன்று உண்டு. தினமும் முதல் பீரியட் போனதில் நடு சீட்டின் அட்டெண்டன்ஸ் சரிந்தது. 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தப்பிக்கலாம். அவனுக்கு அதற்கும் கீழே போய்விட்டது. அந்த செமஸ்டர் பரீட்சை எழுத விடவில்லை. எங்களோடு முடிக்க வேண்டியவன் ஒரு வருஷம் கழித்து முடித்தான்.

நோட்டீஸ் போர்டில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அதுவும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பட்டியல்தான். பெயர், நாள், பாக்கி.

பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்கள். காரில் தனியாகப் போகாதே, பக்கத்து வீட்டுக்காரனையும் ஏற்றிக்கொள் என்று 1943-ல் அரசாங்கமே போஸ்டர் அடித்து ஒட்டியது. பெட்ரோல் தட்டுப்பாடு என்றுதானே நினைப்பீர்கள்? பெரிய தட்டுப்பாடு ரப்பருக்கு! தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர் தோட்டங்களை ஜப்பான் பிடித்துக்கொண்டதால் டயருக்கு ரப்பர் இல்லை. வண்டி ஓடுவதைக் குறைத்தால்தான் டயர் தேய்வது குறையும். ரப்பரைக் காப்பாற்ற ஒரு தேசமே காரைப் பங்கு போட்டது. நான் ரப்பர் வெட்டுகிறவரின் மகனை இறக்கிவிட்டேன்.

இப்போது எனக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் வேலை. அருமனையிலிருந்து தினமும் போய் வருகிறேன். சொந்தக் கார், மேல்புறம், படந்தாலுமூடு, களியக்காவிளை என்று வழியில் ஏறுகிற நாலு பேர். மறுபடியும் கமிட்டி! ஆனால் நோட்டு கிடையாது. இந்தக் காலத்தில் ஃபோனே யார் எவ்வளவு பாக்கி என்று எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாஷ்போர்டுக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின். மாதம் பிறந்ததும் போடுகிறவர்கள் போடுவார்கள். யார் போட்டார், யார் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. குறைந்தால் என் கையிலிருந்து போகும். இதுவரை பெரிதாகக் குறையவில்லை. ஒரு மாதம் கூடவே இருந்தது. நடு சீட்டில் முறை வைத்து உட்காருகிறார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் ஊர் களைகட்டும். வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வந்து சேருவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஜங்ஷன் சாயாக்கடையில், கையில் ரசவடையோடு ஒருவன். நடு சீட்! வேறு மாவட்டத்தில் ஒரு ஸ்கூலில் வாத்தியாராக இருக்கிறான். என்ன பாடம் என்று கேட்டேன். கணக்கு.

இத்தனை வருஷமாக வைத்திருந்ததை அவிழ்த்தேன். 616, 55, 11 ரூபாய், எல்லாம் சொன்னேன். அவன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"பைசா இல்லாதது எனக்கு வெக்கமாட்டு இல்ல லேய். எனக்க வீட்டு நெலம ஒங்க நாலு பேருக்கும் தெரியும். ஆனா தெரியாத்த மாதிரி இருந்திய பாரு, அது எனக்குப் பெரிய உதவியா இருந்துது. நீ வாசிச்ச பொறவு அதுவும் இல்லாம ஆயிப்போச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனே பேச்சை மாற்றினான்.

"செரி, சாயாக்குப் பைசா யாரு குடுக்கது?"

"நான்தான்."

"சத்தமா சொல்லாத. கடைக்காரன் மட்டும் கேட்டாப் போரும்."

இருவரும் சிரித்தோம். இந்தத் தடவை அவன் சிரித்தது நிஜச் சிரிப்பு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மேல்புறத்தில் ஒரு பையன் கையைக் காட்டி நிறுத்தினான். டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறானாம். சம்பளம் இனிமேல்தான். ஒரு சீட் காலி இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம்.

"அண்ணா, மாசம் எவ்வளவு ஆவும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நீ ஏறினாலும் ஏறல்லன்னாலும் வண்டி போகத்தான் செய்யும். ஏறு, நேரமாச்சு" என்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா மகனைக் கூப்பிட்டு ஃபாரத்தை வாங்கினேன். பத்தாவது கேள்விக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: 'பொருளாளர் கணக்கைச் சத்தமாக வாசித்தார்.'

அவன் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாமா, இப்படி ஒரு ஆப்ஷனே இல்லியே! பெட்ரோல் விலை, நேரம் ஒத்து வரல்ல, வண்டி ரிப்பேர்... இதுல எதுல போட?"

"இதர காரணங்கள்ல போடு மக்ளே" என்றேன்.